சம்பந்தி வீட்டு மாடியில் வெள்ளியைத் தேடினோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஐந்து பேர் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து பேருக்கும் கழுத்து வலித்தது. 

சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. எதிரில் ஓர் அபார்ட்மெண்ட். அதன் பக்கத்தில் கட்டி முடிக்காத இன்னோர் அபார்ட்மெண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வானம். வெள்ளி கிரகம் அதில் கண்ணில் பட்டால் வரும் வியாழக்கிழமை என் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். படாவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்று எஸ்தர் என்னிடம் சொல்லியிருந்தாள். அது எங்கள் இருவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

“அதோ!” என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் காட்டிய வெளிச்சம் மெல்ல நகர்ந்து, சிவப்பாகக் கண் சிமிட்டிவிட்டு, அபார்ட்மெண்டுக்குப் பின்னால் போனது.

“அது ஃப்ளைட், மேடம்,” என்றார் சம்பந்தி மூர்த்தி. மரியாதை குறையாமல்தான் சொன்னார். அன்றைக்கு நான் கண்டுபிடித்த எத்தனையாவது விமானமோ அது.

என் கணவர் சாமுவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். “செத்த நேரம் உக்காரேன். நீ நடக்கறதுல மாடியே ஆடுது.”

“உக்காந்தா தெரிஞ்சிடுமா?”

“நின்னா மட்டும் தெரிஞ்சிடுச்சா?”

நான் இருப்புக் கொள்ளாதவள் என்பது இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். வகுப்பிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கிரகத்தைத் தேடி அடுத்தவர் வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டு நின்றது எப்படி என்பதைச் சொல்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களுக்குப் போக வேண்டும்.

ஊருக்குப் போன பெரியவர்

நாங்கள் லிங்கராஜபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள். மூர்த்தி குடும்பம் மைசூர் பக்கத்துக் கன்னடக்காரர்கள். வீடு பீன்யாவுக்குப் பக்கத்தில் தாசரஹள்ளியில். அவருடைய மகன் பிரசாந்தும் எஸ்தரும் ஒரே ஆபீஸ். காலையில் அவர்கள் வழக்கப்படி தாலி, சாயங்காலம் அதே மண்டபத்தில் எங்கள் பாஸ்டர் வந்து ஜெபம் என்று பேசி முடித்திருந்தோம். தை பிறந்ததும் நல்ல நாள் ஒன்று குறித்தாயிற்று.

அப்போதுதான் மூர்த்தி போன் செய்தார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். தமிழ்த் தொழிலாளிகளோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே வரும்.

“மேடம், ஒரு சின்ன தொந்தரே. சுக்ரன் அஸ்தம் ஆயிட்டார். தை மாசம் முக்கால்வாசி இருக்கமாட்டார். அவர் இல்லாம நம்ம சைடுல மதுவே, கல்யாணம் பண்றதில்ல.”

ஊருக்குப் போன பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

வெள்ளி கிரகம் சூரியனுக்குப் பின்னால் போகும்போது பல வாரம் நம் கண்ணுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும், கரும்பலகையில் படம் போட்டே நடத்தியிருக்கிறேன். அந்த வாரங்களில் கன்னட வீடுகளில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பது தெரியாது. எங்கள் தெருவில் இருக்கும் தமிழ் இந்துக்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. தை முழுக்க அவர்கள் வீட்டுக் கல்யாண மேளம் என் ஜன்னல் வழியாகப் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

தள்ளி வைத்தோம். அதிலும் ஒரு சிக்கல். சாம்பல் புதன் வந்துவிட்டால் எங்களுக்கு லெந்து என்கிற தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் பாஸ்டர் கல்யாண ஜெபத்துக்கு வரமாட்டார். அவர்கள் கதவு திறப்பதற்குள் எங்கள் கதவு மூடிக்கொண்டிருந்தது. நடுவில் தை கடைசியில் ஒரே ஒரு வியாழக்கிழமை அகப்பட்டது. மண்டபமும் கிடைத்தது. பத்திரிகை அடித்தோம்.

அந்த ஆள் யார்?

எனக்குக் கோபம் வந்தால் படிப்பேன். சாமுவேல் சொல்வார், மற்ற பெண்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், நீ புத்தகத்தை உருட்டுகிறாய் என்று. என் மகள் கல்யாணத்தைத் தள்ளிவைக்கிற அந்தச் சுக்கிரன் யார் என்று பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

நம் ஊர்ப் புராணத்தில் அவர் அசுரர்களுக்கு வாத்தியார். செத்தவர்களை எழுப்பும் மந்திரம் தெரிந்தவர். மகாபலி தானம் கொடுக்கப்போனபோது வண்டாக மாறிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டு, தர்ப்பையால் குத்து வாங்கி ஒரு கண்ணை இழந்தவர். சீடன் ஏமாறக் கூடாதே என்று கண்ணைக் கொடுத்த வாத்தியார் என்றால் எனக்கு ஒரு மரியாதை வரத்தான் செய்தது. கோபம் குறையவில்லை.

எங்கள் கோவில் பிரசங்கங்களில் கேட்டதைக் கேளுங்கள். விடிவெள்ளி என்றால் வானத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் என்பார் ஒருவர். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து விடிவெள்ளி என்றால் இயேசுவேதான் என்பார். கத்தோலிக்கர்களுக்கு மாதாவும் விடியற்காலத்து நட்சத்திரம். ஒரே ஆளுக்கு இத்தனை வேலையா என்று சின்ன வயதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு.

கிரேக்கர்கள் நீண்ட காலம் காலையில் வருவதையும் மாலையில் வருவதையும் இரண்டு நட்சத்திரம் என்றே நினைத்து, இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். சீனாவில் அது வெள்ளைத் தாடிக் கிழவர், வானத்து ராஜாவின் தூதர். மெக்சிகோ பக்கத்தில் மறைந்த வெள்ளி விடியலில் திரும்பி வரும்போது ஜனங்கள் கதவையும் புகைப்போக்கியையும் அடைத்துக்கொள்வார்களாம், அதன் ஒளி ஈட்டி மாதிரி குத்தும் என்று பயந்து. நம் பழைய தமிழ்ப் புலவர்களும் வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று கவலைப்பட்டவர்கள்தான். உலகத்தில் யாருமே அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போய்ப் படுக்கவில்லை.

டேனரி ரோட்டில் எனக்கு ஜாக்கெட் தைக்கும் ஷாஹீனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். வாயில் குண்டூசியோடு சிரித்தாள்.

“அது ஜோஹ்ரா, டீச்சர். பொம்பளை. ரெண்டு ஃபரிஷ்தாங்க, அதான் தேவதூதருங்க, மேல இருந்து வந்தாங்க, நாங்க மனுஷங்க மாதிரி தப்பே பண்ணமாட்டோம்னு பெருமை பேசிட்டு. இவளப் பாத்தாங்க, அவ்ளோதான். ஆகாசத்துக்குப் போற மந்திரத்த இவகிட்ட உளறிட்டாங்க. இவ ஏறிப் போயி நட்சத்திரம் ஆயிட்டா. அவனுங்க ரெண்டு பேரும் கிணத்துல தலைகீழா தொங்கறானுங்க, இன்னும்.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகலியா?”

“அதான் மேல மின்னுறாளே. பின்னாடி கழுத்து இறக்கமா வேணுமா, ரவுண்டா போதுமா?”

ஏழு வாசல்

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ஒன்றுதான். பழைய மெசபடோமியாவில் வெள்ளிக்கு இனன்னா என்று பெயர். பின்னால் இஷ்தார் என்றார்கள். காதலுக்கும் அவள்தான், சண்டைக்கும் அவள்தான். எஸ்தர் என்கிற பெயரே அந்த இஷ்தாரிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். என் மாமனார் ஒரு ராணியின் பெயர் என்று ஆசையாக வைத்தது. இது அவருக்குத் தெரிந்திருந்தால் ஞானஸ்நானத்தன்று சபையே கலவரப்பட்டிருக்கும்.

இனன்னா ஒரு நாள் செத்தவர்களின் உலகத்துக்கு இறங்கிப் போகிறாள். வழியில் ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் காவல்காரன் அவளிடமிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொள்கிறான். கிரீடம், கழுத்து மணி, வளையல், கடைசியில் உடுத்திய துணி. வெறும் உடம்பாக உள்ளே போய்ச் செத்துப்போகிறாள். வெள்ளி வானத்தில் மறைகிற நாட்களுக்கு அவர்கள் சொன்ன கதை இது என்கிறார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இதை எஸ்தருக்குச் சொன்னேன். கொஞ்ச நாளாகவே அவள் சரியில்லை. சோற்றை அளைந்துகொண்டே இருப்பாள். போன் அடித்தால் எடுக்கமாட்டாள். கல்யாணம் தள்ளிப்போன எரிச்சல் என்று நினைத்திருந்தேன்.

“அப்புறம் எப்படி வெளியே வந்தா?” என்றாள்.

“உயிர் குடுத்து விட்டுட்டாங்க. ஆனா அவளுக்குப் பதிலா ஒருத்தர் கீழே போகணும்னு சொல்லிட்டாங்க. யாரையாவது குடுத்தாத்தான் அவ மேலே வரலாம்.”

எஸ்தர் தட்டைத் தள்ளிவைத்தாள். “அந்த வீட்லயும் அதாம்மா நடக்குது.”

சுமா

பிரசாந்துக்கு ஓர் அக்கா உண்டு, சுமா. பீன்யாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கணவர் இறந்துவிட்டார் என்று தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

எஸ்தர் சொன்னாள். சுமாவின் கல்யாணத்தின்போதும் சுக்கிரன் மறைந்திருந்தான். அப்போது மூர்த்தி இதையெல்லாம் நம்பாதவர். மெஷினோடு வாழ்கிற நமக்கு நட்சத்திரம் எதற்கு என்று சிரித்தவர். சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் மகள் கல்யாணத்தை நடத்தினார். ஒரு வருடம் ஆகவில்லை. துமகூரு ரோட்டில் லாரி மோதி மாப்பிள்ளை போய்விட்டார். சாவு வீட்டிலேயே பெரியவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூர்த்தி பஞ்சாங்கம் பார்க்காமல் செருப்புக்கூட வாங்குவதில்லை.

“தேதி இல்லம்மா பிரச்சினை,” என்றாள் எஸ்தர். “நம்ம கல்யாணத்த ஒவ்வொரு தடவ தள்ளும்போதும் சுமாக்கா மூஞ்சிக்கு நேரா அதத்தானே சொல்றோம்? உன் புருஷன் செத்ததுக்கு உன் கல்யாணம்தான் காரணம்னு. அவங்க ஒண்ணுமே பேசமாட்டேங்கறாங்க. நிச்சயதார்த்தத்தன்னிக்குக்கூட சமையல்கட்ட விட்டு வெளிய வரல. நீ கவனிச்சியா?”

நான் கவனிக்கவில்லை. அன்று நான் தாம்பூலத் தட்டுகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

“இன்னொரு தடவ தள்ளினா நான் அந்த வீட்டுக்குப் போகலம்மா. பிரசாந்த் நல்லவன்தான். ஆனா நாளைக்கு அவனுக்கு ஒரு ஜுரம் வந்தா என்னையும் எங்க நிக்கவைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.”

அன்றைக்கு எனக்கு மூர்த்தி மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்த மனிதரின் பயம் புரிந்தது. ஆனால் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே நடந்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

இரண்டு பஞ்சாங்கம்

பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு அது நடந்தது. மூர்த்தியின் சித்தப்பா ஒருவர் இன்னொரு பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பஞ்சாங்கப்படி சுக்கிரன் பிப்ரவரித் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டான். இந்தப் பஞ்சாங்கப்படி அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் தாமதம். எழுந்தவுடனேயும் கல்யாணம் கூடாதாம். எழுந்த சில நாள் சுக்கிரன் குழந்தையாம், கொஞ்சம் வளர வேண்டுமாம்.

மூர்த்தி ஆடிப்போனார். இரண்டு அளவுகோல் இரண்டு அளவு காட்டினால் சரக்கையே கையில் எடுத்துப் பார்த்துவிடுவது அவருடைய தொழில் வழக்கம். புரோகிதரைக் கேட்டார். பஞ்சாங்கங்கள் சண்டை போட்டால் கண்தான் தீர்ப்பு என்றார் புரோகிதர். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெள்ளி கண்ணில் பட்டுவிட்டால் வியாழக்கிழமைக்குள் அது வளர்ந்துவிடும், தாராளமாக நடத்தலாம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது என்றால் தான் வருவதற்கில்லை.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் மூர்த்தி தனியாக மாடியில் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூப்பிட்டார். இளம் கண்கள் இருந்தால் நல்லது என்று எஸ்தரையும் அழைத்துவரச் சொன்னார்.

கை அகல வானம்

மாடிக்கு வருகிறேன். விமானம் போய்விட்டது. மேற்கில் இருந்த சிவப்பும் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்தது. நான் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடந்தேன். பிரசாந்த் போனை உயர்த்தி ஏதோ ஆப்பில் வானத்தைத் தடவிக்கொண்டிருந்தான். “இங்கதாம்பா இருக்கணும், இந்த பில்டிங் பின்னால,” என்றான்.

“போன் பாத்தா ஆச்சா? கண்ணு பாக்கணும்,” என்றார் மூர்த்தி. குரல் உடைந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பினார். “இல்ல மேடம். ஆகல. என்ன மன்னிச்சுடுங்க.”

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். 

“அங்கிள், சுமாக்கா எங்கே?” என்று கேட்டாள்.

“கீழ இருக்கா.”

“அவங்களையும் ஒரு தடவ பாக்கச் சொல்லலாமே.”

“பேடம்மா.” மூர்த்தி தரையைப் பார்த்தார். “முதல்முதலா பாக்கறது… அவ வேணாம்.”

எஸ்தர் படிக்கட்டின் மேல்படிக்குப் போய்க் குனிந்து, “சுமாக்கா, கொஞ்சம் மேல வாங்க!” என்று கூப்பிட்டாள். மூர்த்தி தடுக்கக் கையைத் தூக்கினார், பிறகு தானே இறக்கிக்கொண்டார்.

சுமா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“வெள்ளிய தேடறோம்க்கா. உங்களுக்குத் தெரியுதா பாருங்க.”

சுமா மேற்கே ஒரு தடவை பார்த்தாள். “இங்கேருந்து எப்படித் தெரியும்? அது ரொம்பக் கீழ இருக்கும். அபார்ட்மெண்ட் மறைக்குதே.”

பூகோளம் நடத்தியவள் நான். அடிவானமே தெரியாத இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு நேரம் அடிவானத்தைத் தேடியிருக்கிறேன்.

“வேற எங்க தெரியும்?” என்றான் பிரசாந்த்.

“மெட்ரோல தெரியும். சாயங்காலம் பீன்யாவுல ஏறினா ஜன்னல்ல நேரா தெரியுது. செவ்வாய்க்கிழமையிலேருந்து பாத்துட்டிருக்கேன்.”

 மூர்த்தி இரண்டடி முன்னால் வந்தார். ஒரு சரக்கைச் சோதிக்கிற குரலில் கேட்க ஆரம்பித்தார்.

“செவ்வாய்க்கிழமையா? நிச்சயமா?”

“ஆமாப்பா. அன்னிக்கு ஆடிட்டர் வந்தார், லேட்டா கிளம்பினேன். அதனாலதான் பாத்தேன்.”

“நகர்ந்துச்சா?”

“இல்ல. ட்ரெயின்தான் நகர்ந்துது.”

“மறுநாளும்?”

“புதன், வியாழன், வெள்ளி, ஆடிட் முடியற வரைக்கும் லேட்டுதான், எல்லா நாளும் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா மேல வருது. நேத்து மேகம், தெரியல.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?” என்று கேட்டார். கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது.

சுமா அவரைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டாள். “நானு நோடித்து லெக்கக்கெ பருத்தா அப்பா?”

நான் பார்த்தது கணக்கில் வருமா அப்பா என்று கேட்டாள். அவ்வளவுதான்.  அந்த ஏழு வாசல் கதையை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அந்த ஒரு நிமிடத்தில் எதையெல்லாம் நினைத்தாரோ எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அப்படி நின்றது குறைவு.

மூர்த்தி பையிலிருந்து போனை எடுத்துப் புரோகிதரைக் கூப்பிட்டார். கன்னடத்தில் பேசினார். காது மந்தம் என்பதால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். இரண்டு பக்கமும் எங்களுக்குக் கேட்டது.

“ஸ்வாமி, நட்சத்திரம் தெரிஞ்சாச்சு. செவ்வாய்க்கிழமையே.”

“நல்லது, நல்லது. யார் பார்த்தாங்க? நீங்களா?”

“என் மகள்.”

 அந்தப் புரோகிதர் சுமாவின் கல்யாணத்தையும் அடுத்து நடந்ததையும் அறிந்தவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுச் சுமங்கலி யாராவது ஒரு தடவை பார்த்துவிடட்டும், ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் நான் ஒத்துக்கொள்கிறேன், ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

“வேண்டாம் ஸ்வாமி,” என்றார் மூர்த்தி. “சுமா பார்த்திருக்கா. அவ பார்த்தா போதும். அதுக்கு மேல இன்னொரு கண்ணு பாக்கணும்னா, நீங்க வியாழக்கிழமை வரவேண்டாம். நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வருகிறேன் என்று புரோகிதர் அவசரமாகச் சொன்னது கேட்டது. மூர்த்தி போனை அணைத்தார்.

சுமா அழவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் படியில் தடதடவென்று இறங்கினாள். மூர்த்திதான் எங்கள் எல்லோருக்கும் முன்னால், மறைக்காமல் அழுதார். சாமுவேல் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எஸ்தர் தோளிலிருந்த பையைக் கழற்றி அந்த நாற்காலியின் கையில் மாட்டினாள். கல்யாணப் பத்திரிகையில் நேரம் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது, அது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் பக்கத்தில் போய் நின்று கேட்டாள்.

“வியாழக்கிழமை நாங்க எத்தன மணிக்கு வரணும், அங்கிள்?”